ஒன்பது நாள் விடுப்பு எடுத்துப் பயணம் போகலாமா?

ஒரு தாய் எழுதிக் கேட்டது இது. மகள் 4ஆம் வகுப்பு, மகன் 8ஆம் வகுப்பு. பள்ளி விடுமுறையில் கிளம்பினால் பயணச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. பள்ளி நடக்கும்போது போனால் பாதியில் முடியும், ஆனால் 9 பள்ளி நாட்கள் போய்விடும். "ஒன்பது நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது" என்கிறார் கணவர். "படிப்பு கெட்டுவிடும்" என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி? பேசாமல் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியில் சொல்லிவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கணவர், பாட்டி வழக்கில் நான் யார் பக்கமும் சாய மாட்டேன். இருவரும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எந்த நாட்கள் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

நான் நடுநிலை வகுப்புகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நடத்தியவன். கடைசிச் சில ஆண்டுகள் விடுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போடும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தேன். மேசையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பக்கமும் உண்டு: என் மகனையே ஒருமுறை பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்தக் கதைக்கும் வருகிறேன்.

முதலில் ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் பனி கொட்டும். பனி மிக அதிகமானால் பள்ளியையே மூடிவிடுவார்கள். மிதமாகப் பெய்தால் பள்ளி நடக்கும், ஆனால் சில பிள்ளைகளால் வந்துசேர முடியாது. ஜோஷுவா குட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்த இரண்டு வகை இழப்பையும் தனித்தனியே எடுத்து, தேர்வு மதிப்பெண்களோடு ஒப்பிட்டு 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பள்ளி மொத்தமாக மூடப்பட்ட நாட்களால் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க பாதிப்பு எதுவும் தெரியவில்லை. பள்ளி நடந்து, பிள்ளை மட்டும் வராமல் போன நாட்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன, அதிலும் கணக்குப் பாடத்தில். இழந்தது இரண்டு இடத்திலும் அதே ஒரு நாள்தான். விளைவு மட்டும் வேறு.

வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. எல்லாரும் வராத நாளுக்கு மறுநாள் நான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். மொத்த வகுப்பும் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆண்டுக் கடைசியில் எங்காவது அதை ஈடுகட்டிவிடலாம். ஒரே ஒரு பிள்ளை வராத நாளுக்கு மறுநாள் அப்படி முடியாது. முப்பத்தைந்து பேர் அடுத்த படியில் நிற்கிறார்கள், ஒருத்தி மட்டும் கீழ்ப்படியில். அவளுக்காக நான் இறங்கினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இறங்காவிட்டால் அவள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புரியாத பிள்ளைகள் அழகாகத் தலையாட்டுவார்கள். அதைப் பார்த்து ஏமாந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

ஆக, சேதம் நடப்பது பிள்ளை வெளியூரில் இருக்கும் ஒன்பது நாளில் இல்லை. திரும்பி வந்த முதல் இரண்டு வாரத்தில்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்: எந்த வாரம் போகலாம், எந்தப் பாடத்தைக் கவனிக்க வேண்டும், கடிதத்தில் என்ன எழுத வேண்டும், எந்தக் கிழமை திரும்ப வேண்டும்.

அந்த ஆய்வை உங்கள் பயணத்துக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. பனியால் வராதவர்கள் திட்டமிட்டு நிற்கவில்லை. விடிந்து எழுந்து பார்த்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. உங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தேதி தெரியும். அந்த முன்கூட்டிய தகவல்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சாதகம். பெரும்பாலான பெற்றோர் அதை விமான டிக்கெட் வாங்க மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

சரி, என் கதை. மகன் அப்போது 5ஆம் வகுப்பு. குடும்பத்தோடு ஆறு பள்ளி நாட்கள் வெளியே போனோம். வகுப்பில் அப்போது வேற்றினப் பின்னங்களின், அதாவது பகுதி எண்கள் வேறு வேறாக உள்ள பின்னங்களின், கூட்டல் தொடங்கியிருந்தது. எனக்கு என்ன கவலை, கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை அல்லவா? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே நடத்தினேன், குறுக்காகப் பெருக்கிக் கூட்டும் முறையில். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான். எனக்கு ஒரே பெருமை. இரண்டு மாதம் கழித்துத் தேர்வுத்தாள் வந்தது. ஆறில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னதற்குப் பன்னிரண்டில் பத்து என்று எழுதியிருந்தான். சரியான விடை பன்னிரண்டில் ஐந்து. கவனக்குறைவு என்று முதலில் திட்டினேன். அப்புறம் உற்றுப் பார்த்தால், வகுப்பில் ஆசிரியர் மீச்சிறு பொது மடங்கு எடுத்துச் செய்யும் முறையை நடத்தியிருக்கிறார். என் முறையில் விடை இருபத்துநான்கில் பத்து என்று வரும், அவர் முறையில் பன்னிரண்டில் ஐந்து. பையன் பகுதிக்கு அவருடைய பன்னிரண்டையும் தொகுதிக்கு என்னுடைய பத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறான். இரண்டு முறையுமே சரி. இரண்டும் ஒரே தலைக்குள் பாதிப் பாதியாகப் போனதுதான் கோளாறு.

ஆசிரியர் மேல் தவறில்லை. "எந்த முறையில் நடத்தப்போகிறீர்கள்?" என்று கிளம்புவதற்கு முன் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. உடன் பணிபுரிபவரிடம் போய்க் கேட்பதா என்ற வறட்டுக் கௌரவம்.

இதில் உங்களுக்கு வேண்டியது என்ன? பாடங்கள் எல்லாம் ஒரே மாதிரி விட்டுப்போவதில்லை. வரலாறு, புவியியல், அறிவியலின் பல பாடங்கள் தனித்தனி அறைகள் போல. ஒரு பாடம் நடந்தபோது இல்லாவிட்டாலும் அடுத்த பாடத்துக்குள் நுழைந்துவிடலாம், விட்டதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கு மாடிப்படி. சமான பின்னம் தெரியாமல் பின்னக் கூட்டல் ஏறாது, பின்னம் தெரியாமல் விகிதம் ஏறாது. மொழி இலக்கணமும், புதிதாகத் தொடங்கிய இன்னொரு மொழியும் ஏறக்குறைய அப்படித்தான். அறிவியல் செய்முறை வகுப்பு வேறு ரகம்: நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் கையால் செய்தது ஆகாது. குழுவாகச் செய்யும் செயல்திட்டமும் அப்படியே. உங்கள் பிள்ளை போய்விட்டால் மற்ற மூன்று பேர் அவன் பங்கையும் சுமப்பார்கள், அதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

சின்ன வகுப்பு என்றால் பாதகமில்லை, 1ஆம் வகுப்பில் அப்படி என்ன நடத்திவிடப் போகிறார்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் இரண்டு ஆண்டுகள் நாள் தவறாத பழக்கத்தில் நிற்பவை. நீந்தப் பழகுவது மாதிரி. ஆனால் அதற்கான மருந்தும் எளிது. தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வைத்தால் போதும், அதற்குப் பள்ளியே தேவையில்லை. 3, 4, 5ஆம் வகுப்புகள்தான், வாரம் சரியாக அமைந்தால், விடுப்புக்குச் சௌகரியமானவை என்பது என் அனுபவம். படிக்கத் தெரியும், பாடச்சுமை இன்னும் ஏறவில்லை. 8ஆம் வகுப்பு அப்படியில்லை. இயற்கணிதம் வேகம் பிடித்திருக்கும், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். அதனால் ஒருவரிடம் சொல்லி முடிவதை ஆறு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும். பொதுத்தேர்வு ஆண்டென்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

எந்த வாரம் என்பதில் எனக்குச் சில திட்டமான கருத்துகள் உண்டு. கல்வியாண்டின் முதல் இரண்டு வாரம் கூடாது. பாடம் குறைவாக நடக்கிறதே என்று தோன்றும். ஆனால் யார் எங்கே உட்கார்வது, யாரோடு யார் சேர்வது, ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகிறது. அதைத் தவறவிட்ட பிள்ளை ஆண்டு முழுக்க விருந்தாளி மாதிரி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு முந்தைய வாரங்களும் கூடாது. திருப்புதல் நடக்கும் நாட்கள் அவை, ஆண்டிலேயே அதிகப் பலன் தருபவை. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த பெரிய பாடம் சூடுபிடிக்கும் வரை ஓர் இடைவெளி கிடைக்கும். விடைத்தாள் திருத்துவது, மதிப்பெண் பதிவது, விளையாட்டு விழா ஒத்திகை என்று ஆசிரியர்களே அப்போது பாதிக் கவனத்தில்தான் இருப்பார்கள். நீண்ட விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களும் அப்படித்தான். எந்தத் தலைமையாசிரியரும் இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான் இப்போது அந்த நாற்காலியில் இல்லை, அதனால் சொல்கிறேன்.

உங்கள் 9 நாள் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 9 பள்ளி நாட்கள் என்றால் வார இறுதிகளோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு வாரம். அதை விடுமுறைக்குள் பாதி, பள்ளிக்குள் பாதி என்று நகர்த்தினால் இழப்பு 4 நாளாகச் சுருங்கும். நெரிசல் பெரும்பாலும் விடுமுறையின் முதல் நாட்களிலும் கடைசி நாட்களிலும்தான் இருக்கும். புறப்படும் நாளை மட்டும் விடுமுறைக்கு நான்கு நாள் முன்னால் தள்ளினாலே விலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, மீதி ஐந்து நாளுக்கு அந்த மிச்சப் பணம் ஈடாகுமா என்று யோசியுங்கள். பல நேரம் ஆகாது.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும். ஆண்டுப் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளையை அமெரிக்காவில் தொடர்ந்து விடுபடும் மாணவர் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். 180 நாள் கொண்ட ஆண்டென்றால் 18 நாட்கள். உங்கள் ஒரு பயணம் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. காய்ச்சல், பல்வலி, உறவினர் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். ஏற்கெனவே அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் பிள்ளை என்றால், அல்லது கணக்கில் இப்போதே தடுமாறும் பிள்ளை என்றால், என் பதில் "இந்த ஆண்டு வேண்டாம்" என்றே இருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

கடுமையான பக்கத்தில் இங்கிலாந்து. அங்கே 2013 செப்டம்பருக்கு முன்பு, தனிச் சூழ்நிலை இருந்தால் தலைமையாசிரியர் குடும்பப் பயணத்துக்கு ஆண்டுக்குப் பத்து நாள் வரை விடுப்புக் கொடுக்கலாம் என்று விதியிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அசாதாரணமான காரணம் இருந்தால்தான் விடுப்பு. மலிவான டிக்கெட் அசாதாரணக் காரணத்தில் சேராது. 2024 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதும் ஒரே அளவுகோல்: பத்துப் பள்ளி வாரங்களுக்குள் ஐந்து நாள் அனுமதியின்றி விடுபட்டால் அபராதம் பற்றிப் பள்ளி யோசிக்க வேண்டும். தொகை 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு. உங்களைப் போல இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை என்றால் நேராக 160. மூன்றாம் முறை அபராதச் சீட்டே கிடையாது, நீதிமன்றம் வரை போகலாம்.

2024க்கு வெகு முன்பே, இப்படி ஓர் அபராதத்தைக் கட்ட மறுத்த ஒரு தந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வைட் தீவைச் சேர்ந்தவர். 2015 ஏப்ரலில் பள்ளி அனுமதி மறுத்த பிறகும் மகளை ஏழு நாள் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். என் மகளின் வருகைப் பதிவு 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, பிறகு எப்படி ஒழுங்காக வரவில்லை என்பீர்கள் என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரல் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருப்பிவிட்டது. ஒழுங்காக வருவது என்றால் போதுமான அளவு வருவது என்று பொருளில்லை, பள்ளியின் விதிப்படி வருவது என்று பொருள் என்றார்கள். அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தமானது: ஒரு பிள்ளை இடையில் போவது அந்தப் பிள்ளையை மட்டும் பாதிப்பதில்லை, ஆசிரியரையும் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துப் பாதிக்கிறது. மேலே நான் சொன்ன கீழ்ப்படி, மேல்படிக் கதைதான். அப்படியும் அங்கே மக்கள் போகாமல் இல்லை. பெற்றோருக்கு விதிக்கும் அபராதங்களில் பத்தில் ஒன்பது விடுமுறைப் பயணத்துக்காகத்தான். அபராதத்தையும் டிக்கெட் விலையில் ஒரு பகுதியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குப் போனால், பத்து நாள் வரை தலைமையாசிரியர் தன் விருப்பப்படி கொடுக்கலாம் என்ற பழைய ஏற்பாடு அங்கே இன்னும் இருக்கிறது.

ஜெர்மனியில் பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம், அதை மெய்யாகவே கட்டாயமாக நினைக்கிறார்கள். 2018இல் பவேரியா மாநிலத்தில் மே மாத விடுமுறை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, மெம்மிங்கன் விமான நிலையத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களைக் காவல்துறை விசாரித்தது. இருபது குடும்பங்கள் வரை சிக்கின. நெதர்லாந்து நடுவழியில் போகிறது. பெற்றோரின் தொழில் காரணமாகப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு எங்கும் போகவே முடியாது என்றால், சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் மாதிரி, ஆண்டுக்கு ஒருமுறை பத்துப் பள்ளி நாட்கள் வரை தலைமையாசிரியர் அனுமதிக்கலாம். அதிலும் கல்வியாண்டின் முதல் இரண்டு வாரத்தில் கிடையாது. முதல் இரண்டு வாரம் பற்றி நான் சொன்னதை அவர்கள் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அபராதம் இல்லாத இடங்களில் வருகை விழுக்காடு என்ற வேலி இருக்கும். இந்தியாவில் சி.பி.எஸ்.இ. என்ற மத்தியக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 4ஆம் வகுப்பில் அந்த வேலி தொலைவில் இருக்கிறது, மேல் வகுப்பில் பக்கத்தில் வந்துவிடும். எந்த நாடாக இருந்தாலும் பள்ளிக் கையேட்டில் விடுப்பு பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. விடுமுறையில் டிக்கெட் விலை ஏறுவது பெற்றோர் மேல் யாருக்கோ உள்ள கோபத்தால் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாரத்தில் பள்ளி மூடுகிறது, கூட்டம் ஒரே நாளில் புறப்படுகிறது. அதனால்தான் ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் கோடை விடுமுறைத் தேதியை மாற்றிவைக்கிறார்கள். பிரான்சில் நாட்டையே மூன்று மண்டலமாகப் பிரித்துக் குளிர்கால, வசந்தகால விடுமுறைகளைத் தள்ளித் தள்ளி விடுகிறார்கள். பள்ளி நாளில் போகும் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுபவர்களோடு நான் சேர மாட்டேன். விடுமுறைக் காலத்தில் லீவே கிடைக்காத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. வெளிநாட்டில் வயதான தாத்தா பாட்டி இருக்கும் குடும்பங்களுக்கு இது உல்லாசப் பயணமும் இல்லை.

இப்போது அந்தக் காய்ச்சல். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள் என்பது சின்னக் காரணம். 4ஆம் வகுப்புப் பிள்ளை திரும்பி வந்த முதல் நாளே கடலைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் சொல்லிவிடும், சொல்லாமல் இருக்க அதனால் முடியாது. பெரிய காரணம் இரண்டு. ஒன்று, பொய்யைக் காப்பாற்றும் வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. ஒன்பது வயதில் ஆசிரியர் முகத்தைப் பார்த்து "காய்ச்சல் மிஸ்" என்று சொல்லிவிட்டு, தோழியிடம் கிசுகிசுவாக உண்மையைச் சொல்லி, அவள் வெளியே சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டு இருந்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். அந்தப் பயணத்தின் சந்தோஷம் எல்லாம் அங்கேயே போய்விட்டது. இரண்டாவது, காய்ச்சல் என்று சொன்ன அந்த நொடியே நான் முன்பு சொன்ன சாதகத்தை இழந்துவிடுகிறீர்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்காக என்ன பாடம் வரும், எந்த முறையில் நடத்துவீர்கள் என்று முன்கூட்டிப் போய்க் கேட்க முடியுமா?

கடிதம் எழுதுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கொடுங்கள். என் மேசைக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, "இன்ன தேதியில் போகிறோம்" என்ற அறிவிப்புகள். பணம் கட்டியாகிவிட்டது, இனி நான் மறுத்தால் சண்டை, ஒத்துக்கொண்டால் எனக்கு அவமரியாதை. அப்படி ஒரு மூலையில் நிற்க வைத்தால் எவருக்கும் மனம் இளகாது. எனக்கு வந்ததில் நல்ல கடிதம் ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, 4ஆம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளை இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, 5 பள்ளி நாட்கள், குடும்பப் பயணமாக அழைத்துச் செல்ல விரும்புகிறோம். இன்னும் முன்பதிவு செய்யவில்லை. அந்த நாட்களில் தேர்வோ, குழுச் செயல்திட்டமோ இருந்தால் தெரிவியுங்கள், தேதியை மாற்றப் பார்க்கிறோம். விட்டுப்போகும் பாடங்களை வீட்டில் படிக்க வைப்பது எங்கள் பொறுப்பு. தனியாக வீட்டுப்பாடம் எதுவும் தயாரிக்க வேண்டாம். விடுப்புக்கு அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் இரண்டு வரிகளுக்கு விலை அதிகம். இன்னும் முன்பதிவு செய்யவில்லை என்பது ஒன்று. தனியாக எதுவும் தயாரிக்க வேண்டாம் என்பது இன்னொன்று. உங்கள் பயணத்துக்காக ஆசிரியர் இரவில் உட்கார்ந்து ஒன்பது நாளுக்கான பாடக்கட்டு தயாரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வகுப்பாசிரியரைத் தனியே பார்த்து மூன்றே கேள்வி கேளுங்கள்: அந்த நாட்களில் கணக்கில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம்? எந்த முறையில் நடத்துவீர்கள்? திரும்பி வரும் வாரத்தில் தேர்வு ஏதாவது உண்டா? இதற்கு அவருக்கு மூன்று நிமிடம்தான் ஆகும். மறுத்துவிட்டால்? காரணம் கேளுங்கள், தேதி மாற்றிக் கேளுங்கள். அப்படியும் மறுத்தால் முடிவு உங்களுடையது, ஆனால் பதிவேட்டில் அனுமதியில்லாத விடுப்பு என்று விழும், சட்டம் கடுமையான நாட்டில் அதன் பின்விளைவும் வரும். தெரிந்தே செய்யுங்கள்.

பயணத்தில் என்ன படிப்பது? கொஞ்சமாக. பை நிறையப் புத்தகம் தூக்கிப்போய் ஒன்றையும் திறக்காமல் திரும்பக் கொண்டுவருவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. கணக்கும், தேவைப்பட்டால் இன்னொரு மொழியும் மட்டும். காலையில் வெளியே கிளம்புவதற்கு முன் இருபத்தைந்து நிமிடம். மாலைக்குத் தள்ளிப்போட்டால் அது நடக்காது. எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்து எழுதுவதை விட, புத்தகத்தை மூடிவைத்து மூன்று கணக்கைத் தானாகப் போட்டுப் பார்ப்பது பல மடங்கு மேல். படித்ததை மறுபடி மறுபடி பார்ப்பதைக் காட்டிலும் நினைவிலிருந்து எடுத்துச் செய்யும்போதுதான் அது தங்குகிறது. இடத்தைப் பார்த்துவிட்டு வந்து பயணக் கட்டுரை எழுது என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்த்த இடமெல்லாம் வீட்டுப்பாடமாகிவிடும்.

பயணமே பெரிய பாடம்தானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அது வேறு பாடம். புது ஊரில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, வேறு நாட்டுப் பணத்தை மனக்கணக்காக மாற்றுவது, நேர மண்டலம் மாறும்போது பாட்டி இப்போது தூங்கிக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போடுவது எல்லாம் பிள்ளைக்கு நல்லதுதான். அதனால் பின்னக் கூட்டல் வந்துவிடாது. பயணத்தைக் கல்வி என்று நியாயப்படுத்தத் தேவையும் இல்லை. குடும்பமாகச் சேர்ந்து கொஞ்ச நாள் சும்மா இருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு.

மகனிடம் கேட்டீர்களா என்று உங்கள் கேள்வியில் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் அவனுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கும். அணித் தேர்வு, நாடகம், புதிதாகக் கிடைத்த நண்பன். ஒன்பது நாளில் நட்பு வட்டம் இடம் மாறி உட்கார்ந்துவிடும் வயது அது. வேண்டாம் என்று அவன் சொன்னால் அந்தப் பேச்சைத் தட்டாதீர்கள். அவனுடைய தேர்வு அட்டவணைக்கு ஏற்றபடிதான் தேதி குறிக்க வேண்டும். மகளின் வகுப்பை அதற்கு வளைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், இரண்டு பேருக்கும் தேர்வு முடிந்த பிறகு, விடுமுறையை ஒட்டி 4 நாள். ஒன்பது வேண்டாம்.

திரும்பும் நாளை ஞாயிறு இரவு என்று வைக்காதீர்கள். நேர வித்தியாசம் அதிகமுள்ள இடத்திலிருந்து வந்தால் உடம்பு சரியாக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிழக்கு நோக்கிப் பறந்திருந்தால் தூக்கம் பிடிபட இன்னும் சிரமம். வகுப்பில் கண் சொக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வராத பிள்ளைதான். வெள்ளி இரவே வீடு சேர்ந்தால் சனி ஞாயிறில் நண்பரின் கணக்கு நோட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வைக்காதீர்கள். கணக்கை மட்டும் முதலில், மற்றவை அந்த வாரம் முழுக்க.

நோட்டு நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அதில்தான் நான் ஏமாந்தேன். வந்து மூன்று வாரம் கழித்து, விட்டுப்போன பாடத்திலிருந்து மூன்று கணக்கைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள், உதவி எதுவும் இல்லாமல். மூன்றும் சரியென்றால் விட்டுவிடலாம். ஒன்றில் தடுமாறினால் அந்தத் தாளையே ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். "வராத நாளில் நடத்தியதை எல்லாம் சொல்லிக்கொடுங்கள்" என்று வரும் பிள்ளைக்கு எந்த ஆசிரியரிடமும் நேரம் இருக்காது. இந்த வரியில் எனக்கு இடிக்கிறது என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டினால், இடைவேளையில் நின்றபடியே தீர்த்துவைத்துவிடுவார்.